பெரிய லேப்டாப்புக்கு நல்ல பை, ஆனால் அந்த சார்ஜர்...

ஜிப் ரிப்பேருக்குக் கொடுத்திருந்த பையைத் திரும்ப வாங்கி வந்த அன்றே நண்பர் கேட்டார்: "17 இன்ச் லேப்டாப் ஒன்று எடுக்கிறேன். நீ வைத்திருக்கிற பையையே நானும் வாங்கிவிடட்டுமா?" ஆமாம், இல்லை என்று முடிய வேண்டிய கேள்விதான். ஆனால் வருடக்கணக்கில் முதுகில் சுமந்த பொருளைப் பற்றி அப்படிச் சட்டென்று சொல்ல வரவில்லை. கம்பெனி பெயர் வேண்டாம். இதே அமைப்பில் பலரும் பை தைக்கிறார்கள். நான் புலம்பப்போகும் குறையும் அவற்றில் பலவற்றுக்குப் பொதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் விட்டுப்போகும்.

லேப்டாப் வைக்கும் உள்ளறை பையின் அடிவரை போகவில்லை. உள்ளே ஒரு கையை விட்டு அறையின் அடியைத் தொட்டுக்கொண்டு, வெளியே பையின் அடியில் இன்னொரு கையை வைத்துப் பார்த்தால் நடுவில் இரண்டு விரல் அளவு இடைவெளி தெரியும். பையை அவசரத்தில் 'டொக்'கென்று தரையில் வைத்தாலும் லேப்டாப் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டு நிற்கும். பெரிய லேப்டாப்புக்கு இதைவிட முக்கியமான பாதுகாப்பு வேறில்லை. 3 கிலோ எடை ஒரு மூலையில் இறங்கினால் அந்த ஒரு மூலைதான் மொத்த அடியையும் வாங்கிக்கொள்ளும். கீல் இருக்கும் பக்கத்து மூலை என்றால் கேட்கவே வேண்டாம். பல பைகளில் முன்னும் பின்னும் மெத்மெத்தென்று திணித்துவிட்டு அடியில் வெறும் துணியை மட்டும் விட்டிருப்பார்கள். பை கீழே படுவது அடிப்பக்கம்தானே, அங்கே ஏன் கஞ்சத்தனம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஃபோமும் நல்லதாகவே போட்டிருக்கிறார்கள். கட்டைவிரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். சாதாரண ஸ்பாஞ்ச் என்றால் விரல் நேராக அந்தப் பக்கத்துத் துணியைத் தொட்டுவிடும். ஈவிஏ போன்ற ஃபோமில் காற்று மூடிய சின்னச் சின்ன அறைகளுக்குள் இருக்கும். அழுத்தினால் எதிர்த்து நிற்கும், விட்டதும் நிமிரும். இத்தனை நாள் கழித்தும் என் பையில் அது தட்டையாகவில்லை. மெல்லிய நியோபிரீன் (ரப்பர் மாதிரி நீளும் துணி) உறையே போதும் என்று சிலர் சொல்வார்கள். கீறலுக்குப் போதும், விழுந்தால் போதாது.

துணி, டெனியர் எண் பற்றியெல்லாம் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவே. பை கிழிவது பெரும்பாலும் துணியில் அல்ல, தோளில் மாட்டும் வார் பையோடு சேரும் தையலில். அங்கே கட்டம் போட்டு நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அளவு பற்றி ஒன்று. '17 இன்ச்' என்று பையில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி வாங்காதீர்கள். இன்ச் கணக்கு திரையின் மூலைவிட்டம்; பைக்குள் போவது திரை அல்ல, முழு உடம்பு. பழைய 16:9 (அகலத்துக்கு உயரம்) வடிவத்தில் 17.3 இன்ச் திரை சுமார் 38.3 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இப்போது வரும் 16:10 வடிவ 18 இன்ச் திரை அகலத்தில் அரை செ.மீ.தான் கூடுதல், உயரத்திலோ கிட்டத்தட்ட 2.7 செ.மீ. கூடுதல். அதனால் 17.3-க்கென்று தைத்த பையில் 18 இன்ச் லேப்டாப் பக்கவாட்டில் ஜோராக நுழையும், மேலே ஜிப் மூடாது. டேப் எடுத்து லேப்டாப்பின் அகலம், ஆழம், தடிமன் மூன்றையும் அளந்து, பையின் உள்ளறை அளவோடு ஒப்பிடுங்கள். வெளி அளவு எதற்கும் உதவாது.

சரி, இப்போது சார்ஜர்.

பெரிய லேப்டாப் என்றால் சார்ஜரும் பெரியது. இது பை தைப்பவர்களைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப்பின் 280 வாட், 330 வாட் சார்ஜரைக் கையில் எடுத்துப் பாருங்கள், செங்கல்தான். கேபிளோடு சேர்த்தால் ஒரு கிலோவை நெருங்கும், சிலது தாண்டும். அதை வீட்டில் விட்டுவிட்டும் போக முடியாது. விமானத்தில் அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரிக்கு 100 வாட்-மணி உச்சவரம்பு இருப்பதால், எவ்வளவு பெரிய லேப்டாப்பாக இருந்தாலும் பேட்டரியை 99-க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். கனமான வேலை கொடுத்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும்போது வேகமும் குறையும். ஆக, லேப்டாப் போகும் இடமெல்லாம் சார்ஜரும் போயே ஆக வேண்டும்.

இந்தப் பையில் அதற்கு ஒதுக்கியிருக்கும் இடம், முதுகிலிருந்து ஆகத் தொலைவில் இருக்கும் முன் அறை. கனமானது முதுகை ஒட்டி இருக்க வேண்டும் என்பது சுமை தூக்குகிற யாருக்கும் தெரிந்த விஷயம். இங்கே ஒரு கிலோ போய் வெளிநுனியில் உட்கார்ந்துகொண்டு தோள்களைப் பின்னுக்கு இழுக்கிறது. கீழே வைத்தாலோ இன்னும் மோசம். நாற்காலி ஓரமாகப் பையை நிறுத்துவேன். நிற்கும். கையை எடுத்ததும் முன்பக்கம் மெதுவாகப் புடைத்து, கொஞ்சம் யோசிப்பதுபோல் தயங்கி, அப்புறம் குப்புற விழும். லேப்டாப் பத்திரம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டம் நடக்கும் அறையில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

நடு அறைக்கு மாற்றிப் பார்த்தேன். நிற்கிறது, விழவில்லை. ஆனால் சார்ஜரின் விளிம்பு இப்போது லேப்டாப்பின் மேல்மூடியில் நேராக அழுந்துகிறது. பெரிய மூடி, மெல்லிய மூடி, நடுவில் தாங்க ஒன்றும் கிடையாது. பையை இறுக்கி மூடினால் திரையில் கீபோர்டின் தடம் பதிந்துவிடுகிறது. நடுவில் ஒரு கெட்டி அட்டைக் கோப்பைச் செருகி அந்தத் தொல்லையைக் குறைத்தேன். வெளியிலிருந்து வரும் அடிக்கு இவ்வளவு ஏற்பாடு செய்த பை, உள்ளேயே இருக்கும் எதிரிக்கு ஒன்றும் செய்யவில்லை.

ரிப்பேருக்குப் போனதும் இதனால்தான். முன் அறையில் சார்ஜர் புடைத்துக்கொண்டிருக்கும்போது ஜிப்பை இழுத்தால், வளைவில் ரன்னர் மேல், அதாவது பல்லைச் சேர்த்துக்கொண்டு ஓடும் அந்தச் சின்னத் துண்டின் மேல், எல்லா இழுவையும் விழும். நாளடைவில் ரன்னர் போன பிறகும் பின்னால் பல் சேராமல் பிளந்துகொண்டே வந்தது. ஜிப் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனால், பை தைப்பவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஜிப் நல்லாத்தான் இருக்கு, ரன்னர்தான் வாயைத் திறந்துடுச்சு" என்றார். ஓரத் தையலைப் பிரித்து, புது ரன்னரை ஏற்றி, மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டார். ரன்னரின் பின்புறத்தில் பெரும்பாலும் ஓர் எண் இருக்கும். மூடிய ஜிப் பல்லின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்று அது சொல்லும். என் பையில் பெரிய அறைக்கு 8, கனம் விழும் முன் அறைக்கு 5. இதை முடிவு செய்தவர் அந்தப் பையில் சார்ஜர் போட்டு ஒரு நாள் நடந்திருக்கமாட்டார்.

இன்னொன்று, பையின் குற்றம் அல்ல என்றாலும் சொல்ல வேண்டும். ஃபோம் அடியைத் தாங்குவது போலவே சூட்டையும் உள்ளே பிடித்துவைக்கும். மூடியை மட்டும் சாத்தி, ஸ்லீப்பில் விட்டு உள்ளே போட்டால், சில லேப்டாப்கள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு கொதிக்கும். ஹைபர்னேட் (திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு அணைவது) செய்துவிட்டோ, முழுதாக நிறுத்திவிட்டோ வையுங்கள்.

யுஎஸ்பி-சி வழியாக 240 வாட் வரை கொடுக்கலாம் என்று 2021-இல் தரம் வகுத்துவிட்டார்கள். அதற்கு மேல் கேட்கும் லேப்டாப்களுக்கு இன்னும் இந்தச் செங்கல்தான். ஆகவே சார்ஜர் சிறிதாகிவிடும் என்று காத்திருக்கவும் முடியாது.

மழையில் நனைந்திருக்கிறது, பேருந்தில் மிதிபட்டிருக்கிறது, ஒருமுறை மாடிப்படியில் உருண்டும் இருக்கிறது. லேப்டாப்புக்கு ஒரு கீறல் இல்லை. இதையெல்லாம் எழுதிவிட்டு நண்பருக்கு நான் அனுப்பிய பதில்: "வாங்காதே." காலையில்தான் மறுபடி குப்புற விழுந்தது, வேறு பதில் எழுத மனம் வரவில்லை. அவர் விடவில்லை. "அப்புறம் நீ மட்டும் ஏன் காசு கொடுத்து ரன்னர் மாற்றினாய்?" என்று கேட்டார். லேப்டாப்பைப் பத்திரமாக வைத்திருக்கிறதே, என்ன செய்ய என்றேன். கடைக்குப் போகும்போது லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போ, இரண்டையும் உள்ளே போட்டு, பையைத் தரையில் நிறுத்தி, கையை எடுத்துப் பார், விழாமல் நிற்கிற பை கிடைத்தால் எனக்கும் ஒன்று சேர்த்து வாங்கிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.