கிராஷ்கெர்னல் மெமரி: எந்த முறையில் ஒதுக்கலாம்?

லினக்ஸ் சர்வர் பேனிக் ஆனபின், அதாவது மீள முடியாத பிழையால் நின்றபின், அதன் மையப் புரோகிராமான கெர்னலையே நம்பி டம்ப் (மெமரியின் நகல்) எடுக்க முடியாது. அதன் டிஸ்க் டிரைவரே குழம்பிப் போயிருக்கலாம். அதனால் 2005-இல் கெர்னலின் 2.6.13 பதிப்போடு வந்த கேடம்ப் என்ற வசதி, பூட் ஆகும்போதே கொஞ்சம் ராமை ஒதுக்கி, இன்னொரு கெர்னலை அங்கே ஏற்றித் தயாராக வைக்கிறது. பேனிக் ஆனதும் பயாஸ் பக்கம் போகாமல் நேரே அதற்குத் தாவல். கிராஷ்கெர்னல் என்ற பூட் அமைப்பில் அந்த ராமை எப்படி ஒதுக்குவது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி.

பழைய வழி, கிராஷ்கெர்னல்=256எம் என்று ஒரே அளவை எழுதிவிடுவது. ஒரே மாதிரியான பத்து மெஷின்களுக்கு இது போதும். அதே இமேஜை 2 ஜிபி விஎம்மில் (வர்ச்சுவல் மெஷின்) போட்டால் ராமில் எட்டில் ஒரு பங்கு சும்மா கிடக்கும். கார்டுகள் நிறைந்த பெரிய மெஷினிலோ அது பற்றாமல், டம்ப் எடுக்க வந்த கெர்னலே மெமரி தீர்ந்து விழுந்துவிடும். வார் கிராஷ் ஃபோல்டரில் விஎம்கோர் என்ற டம்ப் ஃபைல் இருக்காது.

அடுத்தது, ராம் அளவைப் பார்த்து ஒதுக்கும் வரம்பு முறை. ரெட் ஹாட் 8 வரை ‘ஆட்டோ’ என்று எழுதினால் போதும், கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். 9-இல் அதை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பின் எக்ஸ்86 மெஷின்களில் 1 முதல் 4 ஜிபி வரை 192 எம்பி, 64 ஜிபி வரை 256, அதற்கு மேல் 512 என்று கெர்னலின் கமாண்ட் லைனிலேயே தெரிகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வரம்புக்குத் தெரிவது ராம் அளவு மட்டும். டம்ப் போக வேண்டிய டிஸ்க் லக்ஸ்2 என்கிரிப்ஷனால் பூட்டப்பட்டிருந்தால், பாஸ்வேர்டிலிருந்து சாவி உருவாக்கும் ஆர்கன்2 முறையில் அதைத் திறக்கவே 1 ஜிபி வரை கேட்கலாம். 256 எம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேடம்ப்சிடிஎல் எஸ்டிமேட் கமாண்டை ஓட்டினால் இது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பெரிய அளவு வேண்டுமானால், கிராஷ்கெர்னல் அளவோடு ‘ஹை’ என்று சேர்த்து எழுதலாம். 4 ஜிபிக்குக் கீழே இடம் நெருக்கடி என்பதால், 3.9 பதிப்பிலிருந்து அதற்கு மேலேயும் ஒதுக்கலாம். இதில் ஒரு சங்கதி: 32-பிட் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் நேரே மெமரியைத் தொடும் முறை) சாதனங்களுக்காகக் கெர்னல் கீழேயும் குறைந்தது 256 எம்பி தானாக எடுத்துக்கொள்ளும். 512 கேட்டவர் 768 போனதைப் பார்த்து முழிப்பது இதனால்தான். ‘லோ’ மதிப்பைத் தனியே கொடுத்தால் நம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

புதுசாக வந்திருப்பது 2025-இன் 6.17 பதிப்பில் சிஎம்ஏ (தொடர்ச்சியான மெமரியை ஒதுக்கும் முறை). இதில் ஒதுக்கிய இடம் வீணாகக் கிடப்பதில்லை; சாதாரண நாட்களில் யூசர் புரோகிராம்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். இரவல் கொடுத்த வீடு மாதிரி, தேவைப்படும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். விலையும் உண்டு. அங்கே இருந்த பக்கங்கள் டம்பில் வராது, ஆகவே யூசர் மெமரியும் வேண்டும் என்பவர்களுக்கு ஆகாது. பாக்கி டிஎம்ஏ எழுத்துகள் முடிய 10 விநாடி காத்திருக்கவும் வேண்டும். இரண்டாவது கெர்னலையும் அதன் தொடக்க ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் வைக்கப் பழைய பாணி ஒதுக்கீடு சின்னதாக ஒன்று இருந்தே ஆக வேண்டும். டேட்டாபேஸ் ராமை விழுங்கும் மெஷினில், கெர்னல் பிழை மட்டும் தேடுபவர்களுக்கு நல்ல பேரம்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ் வழக்கமாக இந்த வம்புக்கே போவதில்லை. பேனிக் ஆன கெர்னலே ஸ்வாப் பார்ட்டிஷனில் எழுதிவிட்டுப் போகும், அடுத்த பூட்டில் சேவ்கோர் புரோகிராம் அதை அள்ளிக்கொள்ளும். ராம் மிச்சம், ஆனால் கெட்டுப்போன கெர்னலையே நம்பியாக வேண்டும்.

என் தேர்வு: வரம்பு முறை. சந்தேகமிருந்தால் கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள். ஓடும் மெஷினில் கெக்ஸெக் கிராஷ் சைஸ் ஃபைலில் எழுதி அளவைக் குறைக்க முடியும், அதற்கு முன் ஏற்றிய இரண்டாவது கெர்னலை இறக்கியிருக்க வேண்டும். கூட்டுவதற்கு ரீபூட்தான் வழி. அப்புறம், மெயின்டெனன்ஸ் நேரத்தில் கெர்னலுக்கு நேரடிக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ டிரிக்கர் ஃபைலில் ‘சி’ எழுதி வேண்டுமென்றே ஒரு முறை விழவைத்து, விஎம்கோர் முழுசாக வந்ததா என்று பாருங்கள். புது ஹெச்பிஏ (ஸ்டோரேஜ் இணைக்கும்) கார்டு போட்டாலோ, டம்பை லோக்கல் டிஸ்க்கிலிருந்து நெட்வொர்க் வழி என்எஃப்எஸ்ஸுக்கு மாற்றினாலோ இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.