தண்ணீர்பள்ளி சாந்திவனம்: அந்தத் தோப்புக்காகவே போகலாம்

குளித்தலைன்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு கடம்பர் கோயில்தான் ஞாபகம் வரும், காலைக் கடம்பர் மத்தியானச் சொக்கர்னு ஒரே நாள்ல ரெண்டு கோயிலையும் முடிச்சுட்டு சாயங்காலம் மூணாவதா ஈங்கோய்மலைக்கு ஓடிருவோம். அங்கேயே பக்கத்துல தண்ணீர்பள்ளியில சச்சிதானந்த ஆசிரமம் இருக்கு, சாந்திவனம்னு சொல்லுவாங்க, அதுக்குன்னு தனியா ஒரு நாள் ஒதுக்கிட்டுப் போங்க.

மெயின் ரோட்டுல திருச்சி கரூர் பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே பறக்குது, ஆனா உள்ள மரத்துக்கு நடுவுல கொஞ்ச தூரம் நடந்தாலே அந்த சத்தம் அடங்கிப்போய் செம்போத்து கத்துறதும் தென்னமட்டை உரசுறதும்தான் கேக்குது. எளிமையான சின்னக் குடில், மண் பாதை, நல்ல நிழல். தோப்பை அழிச்சு பெரிய பெரிய ஹால் கட்டி வைக்கல, எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

தோப்பைத் தாண்டினா காவிரி. முக்கொம்புல கொள்ளிடம் பிரியறதுக்கு முன்னாடி மொத்த ஆறும் ஒண்ணாப் போற இடம் இது, அகண்ட காவிரின்னு சும்மா சொல்லல, அக்கரை முசிறி எங்கேயோ தூரத்துல தெரியுது. மாயவரம் பக்கம் வாய்க்கால் மாதிரி ஒடுங்கிப்போன காவிரியைப் பாத்தே வளர்ந்தவ நான், இவ்ளோ அகலத்தைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. சூரியன் உதிக்கிற நேரமும் சாயுற நேரமும் இங்க தியான நேரம், கரையோரமா உக்காந்துட்டா எந்திரிக்கவே மனசு வராது.

1950ல பிரான்ஸ்லேர்ந்து வந்த ரெண்டு சாமியாருங்க, மோன்ஷனினும் அபிஷிக்தானந்தரும், ஆரம்பிச்சது, 1968லேர்ந்து பீட் கிரிஃபித்ஸ் அடிகள் நடத்தினார், அவர் சமாதியும் இங்கதான். கிறிஸ்தவ ஆசிரமம்தான், ஆனா கோபுரம், கர்ப்பகிரகம் மாதிரி இருட்டா ஒரு சன்னதி, கற்பூர ஆரத்தி, காலையில சந்தனம் மத்தியானம் குங்குமம் ராத்திரி விபூதின்னு பாக்கவே நம்ம ஊர் வழிபாடா இருக்கு. உபநிஷத்தும் படிக்கிறாங்க, தமிழ்ல பஜனையும் பாடுறாங்க. எந்த மதத்துக்காரங்களும் போய் உக்காரலாம்.

சாப்பாடு சைவம், தரையில உக்காந்து கையால சாப்பிடணும், பேச்சு கம்மி. ஏசி ரூம், டிவின்னு தேடுறவங்களுக்கு இது சரிப்படாது. பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா ஓடியாட இடம் நிறைய, ஆனா தியான நேரத்துல கொஞ்சம் அடக்கிவைங்க, அங்க வர்றவங்க அந்த அமைதியைத் தேடித்தான் வர்றாங்க.

என்னைக் கேட்டா ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணி வந்தப்புறம் போங்க, ஆடி ஆவணியில ஆறு கரை தொட்டுப் போகும், அப்ப மட்டும் ஆத்துல இறங்காதீங்க. சித்திரை வைகாசியில மணல்தான் தெரியும், வெயிலும் தாங்காது. தங்கணும்னா முன்னாடியே கேட்டுக்கிட்டுப் போங்க. ரயில்ல வர்றவங்க குளித்தலையில இறங்கினா கிட்டத்தான், ஆட்டோ கிடைக்கும்.