தென் தீவில் 21 நாட்கள்: கேம்பர்வேனில் குடியிருந்த அனுபவம்

நியூசிலாந்தின் தென் தீவில், மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரையான இலையுதிர்காலத்தில், நானும் என் கணவரும் கேம்பர்வேன் எனப்படும், படுக்கையும் அடுப்பும் கொண்ட வாடகை வண்டி ஒன்றில் 21 நாட்கள் குடியிருந்தோம். கிறைஸ்ட்சர்ச்சில் புறப்பட்டு, டெகாப்போ, புகாகி ஏரிகள், அவோராகி (மவுண்ட் குக்) மலையடிவாரம், வனாக்கா, ஹாஸ்ட் கணவாய், மேற்குக் கரையின் இரண்டு பனியாறுகள், புனகைக்கி, ஆர்தர்ஸ் கணவாய் என்று சுற்றித் திரும்பியபோது ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஓட்டியிருந்தோம். இதே சுற்றை ஒரு வாரத்தில் முடிப்பவர்களும் உண்டு. ஆனால், அவ்வளவு அவசரமாகப் போவதற்குக் காரும் மோட்டல் அறையுமே போதும் என்பது என் கருத்து. வாடகை, டீசல், முகாம் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எங்களுக்கு வேன் மலிவாக அமையவில்லை. அது எங்களுக்குக் கொடுத்தது, ஓர் இடத்தில் காத்திருக்கும் வசதி.

நாங்கள் எடுத்தது இருவர் படுக்கக்கூடிய டீசல் வண்டி. பகலில் எதிரெதிர் இருக்கைகளாக இருப்பவை இரவில் படுக்கையாக மாறும். இரண்டு பர்னர் எரிவாயு அடுப்பு, சிறிய குளிர்பதனப் பெட்டி, கழிப்பறையோடு சேர்ந்த குளியலறை ஆகியவை இருந்தன. வண்டியில் கழிப்பறை இருப்பதைத் தேவையற்ற ஆடம்பரமாக நினைத்துத் தவிர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழிவுகளைத் தன்னுள்ளேயே தேக்கிக்கொள்ளும் வண்டி என்ற சான்று பெற, கழிப்பறை நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சான்று இல்லாவிட்டால் இலவசமாகத் தங்கக்கூடிய பல இடங்கள் கைவிட்டுப் போகும். கழிப்பறைப் பெட்டியை இழுத்தெடுத்து, அதற்கென உள்ள கழிவகற்றும் இடத்தில் கொட்டிக் கழுவிவர முதல் முறை அரைமணி நேரம் ஆனது. நான்காவது முறை பத்தே நிமிடம்தான். தண்ணீர்த் தொட்டி எங்கள் இருவருக்கும் இரண்டு நாட்களுக்குச் சற்று மேல் தாங்கியதால், இரண்டு இரவுகள் மின்இணைப்பு இல்லாத முகாம், மூன்றாம் இரவு மின்சாரமும் வெந்நீரும் உள்ள முகாம் என்ற முறை தானாகவே அமைந்தது.

உணவுப் பொருட்களை ஊரிலிருந்து கொண்டுபோக நினைப்பவர்கள், சாம்பார்ப் பொடி ஒரு பொட்டலமே ஆனாலும் விமான நிலையப் படிவத்தில் அறிவித்துவிடுவது நல்லது. அறிவிக்கத் தவறினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கலாம். நாங்கள் அறிவித்தோம், பொடிகளைப் பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். புகாகி ஏரிக்கரையில் வாங்கிய சால்மன் மீனைப் புளி கரைத்துக் குழம்பு வைத்ததற்கு அந்தப் பொடிதான் உதவியது. தாளிப்பதை மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், இல்லையென்றால் கடுகெண்ணெய் வாசம் போர்வையில் ஏறி மூன்று நாட்களுக்கு இறங்காது.

புகாகியின் நீரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லத்தான் வேண்டும். பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை அரைத்து மாவாக்குகிறது; அந்த நுண்ணிய தூள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் ஏரி பால் கலந்த நீலமாகத் தெரிகிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் மொண்டு பார்த்தபோது நீலம் இல்லை, அரிசி கழுவிய தண்ணீரைப் போல லேசான கலங்கல் மட்டுமே இருந்தது.

அவோராகியின் உயரம் 3,724 மீட்டர். மலையடிவாரத்தில் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வெள்ளைக்குதிரைக் குன்று (ஒயிட் ஹார்ஸ் ஹில்) முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மேகம் கூரைபோலத் தாழ்ந்து, மலை இருக்கும் திசையே தெரியவில்லை. முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. அறை முன்பதிவு செய்திருந்தவர்கள் மலையைப் பார்க்காமலே கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் இரவு, மேகத்துக்குள்ளிருந்து இடி போன்ற நீண்ட உறுமல் கேட்டது, மின்னல் இல்லை. செஃப்டன் மலைச்சரிவிலிருந்து பனி பெயர்ந்து விழும் ஓசை அது என்று பக்கத்து வண்டிக்காரர் விளக்கினார். மூன்றாம் நாள் விடியற்காலையில் என் கணவர் திரையை விலக்கிவிட்டு ஒன்றும் பேசாமல் என் தோளைத் தொட்டார். சன்னல் முழுக்க வெள்ளை மலை நின்றது.

அன்று டாஸ்மன் பள்ளத்தாக்கில் படியேறிப் பார்த்ததையும் மறக்க முடியவில்லை. வழியில் உள்ள, நீல ஏரிகள் என்று பெயர் பெற்றவை இப்போது பச்சையாக இருக்கின்றன. பனியாறு தாழ்ந்துபோனதால் அதன் உருகுநீர் அவற்றுக்கு வருவதில்லை; மழைநீர் மட்டுமே நிரம்புகிறது, பாசி வளர்கிறது. மேலே நின்றால் கீழே பனிக்கட்டிகள் மிதக்கும் பெரிய ஏரி தெரியும். 1970-களின் தொடக்கத்தில் அந்த ஏரியே கிடையாது.

வண்டி எங்களைக் கைவிட்ட இரவு ஒன்றும் உண்டு. வனாக்கா ஏரியின் தலைப்பகுதியில், எல்லையோடை (பவுண்டரி க்ரீக்) முகாமில், நள்ளிரவுக்குப் பின் ஹீட்டர் நின்றது. ஹீட்டர் டீசலில் எரிந்தாலும், அதன் விசிறிக்கு வீட்டுப் பகுதியின் மின்கலம் வேண்டும். பழையதாகிவிட்ட அந்த மின்கலம் மின்னைப் பிடித்து வைக்கவில்லை. அலைபேசியில் சமிக்ஞை இல்லை. இருந்த துணிகளையெல்லாம் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எஞ்சினுக்குத் தனி மின்கலம் என்பதால், காலையில் வனாக்கா நகருக்கு ஓட்டிச்சென்று பட்டறையில் மாற்ற முடிந்தது. செலவை வாடகை நிறுவனம் ஏற்றது, ஆனால் எங்களுக்கு ஒரு நாள் போயிற்று. வண்டியைப் பெறும்போதே வீட்டு மின்கலத்தின் வயதைக் கேளுங்கள். ஒரு மணி நேரம் விளக்கும் விசிறியும் ஓடவிட்டு அளவுகாட்டியைப் பாருங்கள்.

ஓட்டுவதில் எங்களுக்குப் பயம் இருக்கவில்லை, அங்கும் இடப்பக்கப் போக்குவரத்துதான். ஒரு நேரத்தில் ஒரு பக்க வண்டிகள் மட்டுமே போகக்கூடிய ஒற்றைத்தடப் பாலங்கள்தான் புதிது. சிவப்பு வட்டத்துக்குள் சிறிய சிவப்பு அம்பு உங்கள் பக்கம் இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். ஹாஸ்ட் ஆற்றுப் பாலம் 700 மீட்டருக்கும் அதிக நீளம், அதுவும் ஒற்றைத்தடம்தான். காற்றைத்தான் நாங்கள் குறைத்து மதிப்பிட்டோம். டெகாப்போவில் பக்கக் கதவு என் கையிலிருந்து பறிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வண்டியின் முகத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்திய பின்பே இறங்கினோம்.

மேற்குக் கரையில் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றுக்கு நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் வைத்த பெயருக்கு ஹினே ஹுகாதெரேயின் கண்ணீர் என்று பொருள். பனிச்சரிவில் காதலனை இழந்த பெண்ணின் கண்ணீர் உறைந்து பனியாறானதாக மாவோரிகள் சொல்கிறார்கள். 2008 வரை முன்னேறியிருந்த இந்தப் பனியாறு அதன்பின் வேகமாகப் பின்வாங்கியது. இன்று பனிமேல் கால்வைக்க ஹெலிகாப்டரில்தான் போக வேண்டும். நாங்கள் போகவில்லை. தூரத்திலிருந்து, இரண்டு பாறைச் சுவர்களுக்கு இடையே, அழுக்கேறிய வெள்ளையாக அதைப் பார்த்தோம். அங்கே மணல் ஈக்கள் மாலையில் மொய்க்கும், கொசுவலைத் திரை கிழியாமல் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதால் ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புனகைக்கியில், அடை அடுக்கியதுபோன்ற சுண்ணாம்புப் பாறைகளுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது கடல் வற்றம். பாறைத் துளைகளில் நீர் பீறிடுவது ஏற்றத்தின்போதுதான். வந்த பேருந்துகள் படமெடுத்துக்கொண்டு போய்விட்டன. நாங்கள் வண்டியிலேயே சோறு பொங்கி, ரசம் வைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டோம். ஐந்து மணி நேரம் கழித்துத் திரும்பிப் போனபோது, காலடிப் பாறை முதலில் அதிர்ந்தது. பிறகு துளையிலிருந்து உப்புநீர் எழும்பி எங்கள் இருவரையும் நனைத்தது.