திருப்பூர், டாக்கா, கட்டுநாயக்க: மெஷினில் உட்காரும் ஆளை வைத்து ஓர் ஒப்பீடு

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான வரியை 50 சதவீதமாக்கியபோது பின்னலாடை ஏற்றுமதி ஊரான திருப்பூரில் எல்லோரும் போட்டது ஒரே கணக்குதான். நமக்கு 50, வங்கதேசத்துக்கு 20, இலங்கைக்கு 20, இனி எப்படி ஆர்டரைப் பிடிப்பது? நியாயமான பயம். ஆனால் வரி ஒரு கையெழுத்தில் ஏறும், இன்னொரு கையெழுத்தில் இறங்கும். மெஷினில் யார் உட்காருகிறார்கள், எத்தனை வருஷம் உட்காருகிறார்கள், அவர்களுக்கு அடுத்த படி என்று ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் அப்படிச் சட்டென்று மாறாது, கைவிட்டுப் போனால் சீக்கிரம் திரும்பக் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் வரியை ஓரமாக வைத்துவிட்டு, ஆட்களை மட்டும் வைத்து திருப்பூர், வங்கதேசத்தின் டாக்கா, இலங்கையின் கட்டுநாயக்க என்ற மூன்று இடங்களையும் பார்க்கிறேன்.

முதலில் அளவு. வங்கதேசத்தின் ஆடை ஏற்றுமதி 2024-25ல் சுமார் 3,900 கோடி டாலர், வேலை செய்கிறவர்கள் சுமார் 40 லட்சம் பேர். இலங்கை ஆண்டுக்கு 500 கோடி டாலரை ஒட்டி நிற்கிறது. திருப்பூரின் ஏற்றுமதி 2024-25ல் சுமார் 40,000 கோடி ரூபாய், அதாவது ஓர் ஊர் கிட்டத்தட்ட ஒரு நாட்டுக்கு ஈடாக நிற்கிறது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது.

தொடங்கிய விதம்

டாக்காவின் கதை ஒரு பயிற்சியில் தொடங்குகிறது. 1979ல் நூருல் காதர் என்பவர் தேஷ் கார்மெண்ட்ஸ் என்ற நிறுவனத்துக்காகத் தென் கொரியாவின் தேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, 130 பேரைப் புசான் நகருக்கு அனுப்பினார். அவர்கள் ஆறு மாதம் தையல், கட்டிங், தரக் கட்டுப்பாடு, மார்க்கெட்டிங் எல்லாம் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அவர்களில் நூறு பேருக்கும் மேல் அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறி, சொந்தமாகத் தொழில் தொடங்கினார்கள் அல்லது புதிதாகத் தொடங்கியவர்களிடம் பெரிய பொறுப்பில் சேர்ந்தார்கள். தேஷ் முதலாளிக்கு அது இழப்பாக இருந்திருக்கலாம், ஆனால் வங்கதேசத்துக்கு ஒரு தொழிலே பிறந்தது.

திருப்பூரும் வேறு மாதிரி இதையேதான் செய்தது. சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்களிலிருந்து பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்தவர்கள் மெஷின் ஓட்டிப் பழகி, கான்ட்ராக்ட் எடுத்து, அப்புறம் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து சொந்தக் கம்பெனி போட்டார்கள். எண்பதுகளில் வளர்ந்த முதலாளிகளில் எத்தனையோ பேர் மெஷினிலிருந்து எழுந்து வந்தவர்கள். ஒரு பீஸ் தைக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று விரல்நுனியில் தெரிந்த முதலாளியை ஆர்டர் கொடுக்கிற எந்த பையரும் ஏமாற்ற முடியாது, அந்த அறிவுதான் ஊரின் பலம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏணி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கொஞ்சம் நிலமும் உறவுக்காரர் ஆதரவும் இருந்த ஆண்கள்தான் ஏறினார்கள். ஏற முடியாதவர்கள் 1984ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இதே ஊரில்தான்.

இலங்கை கீழிருந்து வளரவில்லை, அங்கே அரசு திட்டமிட்டது. 1978ல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது, கிராமத்துப் பெண்கள் அங்கே வந்து போர்டிங்குகளில் தங்கி வேலை பார்த்தார்கள். 1992ல் அன்றைய ஜனாதிபதி பிரேமதாச ‘200 ஆடைத் தொழிற்சாலைகள்’ திட்டத்தைக் கொண்டுவந்து, ஆலைகளையே கிராமங்களுக்கு நகர்த்தினார். தொழிலாளி ஊரைவிட்டு வரவேண்டாம், ஆலை ஊருக்கு வரட்டும் என்ற யோசனை அது. மற்ற இரண்டு இடங்களிலும் இந்த அளவுக்கு யாரும் இதை முயன்று பார்க்கவில்லை. போர் முடிந்தபின் மாஸ் என்ற பெரிய இலங்கை ஆடை நிறுவனம் கிளிநொச்சியில் ஆலை திறந்ததும் அதே வழிதான்.

சம்பளம்: எல்லோரும் பேசுவது, ஆனால் பாதிக் கதைதான்

வங்கதேசத்தில் 2023 டிசம்பர் முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாகா, அன்றைய மதிப்பில் சுமார் 113 டாலர். அதற்கு முன் 8,000 டாகா. தொழிற்சங்கங்கள் கேட்டது 23,000. அந்தப் போராட்டத்தில் உயிரே போயிருக்கிறது. திருப்பூரில் பேட்லாக் என்கிற பின்னலாடைத் தையல் மெஷின் ஓட்டும் ஒரு நல்ல டெய்லர் பீஸ் ரேட்டில் ஓட்டினாலோ ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், பார்த்தாலோ அதைவிடக் கணிசமாக அதிகம் எடுத்துவிடுவார். ஆகவே “டாக்காவில் கூலி கம்மி, நாம் போட்டி போட முடியாது” என்று சொல்வது சுலபம்.

ஆனால் கூலி குறைவாக இருப்பதால் மட்டும் டாக்கா ஜெயிக்கவில்லை. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் ஐரோப்பாவில் வரியில்லாமல் நுழைந்தது ஒரு காரணம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின் கீழ், ஒரே மாதிரி டி-சர்ட்டை லட்சக்கணக்கில் தைக்கிற லைன் முறை இன்னொரு காரணம். ஒரு பெண் காலர் மட்டும் தைக்கிறார், அடுத்தவர் கை மட்டும், அடுத்தவர் கீழ் மடிப்பு மட்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வேகம் ஏறுகிறது. திருப்பூரில் முக்கால்வாசி வேலை பிரிந்து கிடக்கிறது. நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஏதோ ஒரு சந்தில் இருபது மெஷின் போட்ட பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் கூடத்தில். ஐந்தாயிரம் பீஸ் ஆர்டர், ஆறு கலர், நாலு டிசைன், குழந்தைகள் உடுப்பு என்று வந்தால் டாக்காவின் பெரிய ஆலை எடுக்கத் தயங்கும், திருப்பூர் எடுத்து முடித்துக் கொடுக்கும். ஐந்து லட்சம் பீஸ் ஒரே கலர் என்றால் விலையில் திருப்பூர் நிற்க முடியாது.

குறைந்த கூலிக்கு டாக்கா கொடுத்த விலையையும் மறக்கக்கூடாது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை ஒட்டிய சாவரில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,130 பேருக்கு மேல் செத்தார்கள். முந்தின நாளே கட்டடத்தில் விரிசல் தெரிந்தும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட அக்கார்டு ஒப்பந்தம் ஆலைக் கட்டடங்களைச் சோதித்துச் சரிசெய்ய வைத்தது, இன்று அங்கே கட்டடப் பாதுகாப்பு பழைய மாதிரி இல்லை. அது அத்தனை உயிர் போனபிறகுதான் வந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

ஆள் தங்குவது

திருப்பூருக்கு நிஜமான சிக்கல் இங்கேதான். உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், தென் மாவட்டங்களிலிருந்து வருவதும் குறைந்துவிட்டது. இப்போது மெஷினில் உட்காருகிறவர்களில் பெரிய பங்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பிள்ளைகள். ஏஜென்ட் மூலமாக வருகிறார்கள், லைன் வீட்டில் ஓர் அறைக்கு ஐந்தாறு பேர் தங்குகிறார்கள், பண்டிகைக்கும் தேர்தலுக்கும் ஊர் போனால் எத்தனை பேர் திரும்புவார்கள் என்று ரயில் வந்தால்தான் தெரியும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது அந்தப் பயம் எவ்வளவு வேகமாக ஊரைக் காலி செய்யும் என்று எல்லோரும் பார்த்தார்கள். வதந்தி பொய்தான், ஆனால் அவர்கள் நம்பினார்களே, ஏன்? பத்து வருஷம் இங்கே உழைத்தும் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு பேச்சு இல்லை, ஊரில் ஒரு பிடிப்பு இல்லை என்பதுதான் நான் பார்க்கிற காரணம்.

பழைய திருப்பூரின் ஏணி இவர்களுக்கு இல்லை. ஒரு பீகார் பையன் எட்டு வருஷம் ஓவர்லாக் ஓட்டினாலும் அவன் டெய்லர்தான், சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர், முதலாளி உள்ளூர்க்காரர். பேங்க் கடனும் தெரியாது, ஜாப் ஒர்க் எடுத்துக் கொடுக்க ஆளும் கிடையாது. அப்புறம் அவன் ஏன் இருக்க வேண்டும்? பக்கத்துக் கம்பெனியில் ஷிப்டுக்கு இருபது ரூபாய் கூடத் தருகிறார்கள் என்றால் போய்விடுவான். அவன் கையில் ஏறிய வேகமும் அவனோடு போய்விடும். “ஆள் நிற்பதில்லை” என்று முதலாளிகள் வருத்தப்படுவது உண்மைதான், நிற்பதற்குக் காரணம் கொடுத்தோமா என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

டாக்கா இந்த விஷயத்தில் முன்னே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அங்கே மெஷினில் பெரும்பாலும் பெண்கள், சூப்பர்வைசர் பெரும்பாலும் ஆண்கள். நடு மட்ட மேலாளர்களாக இலங்கையரையும் இந்தியரையும் நல்ல சம்பளம் கொடுத்து அழைத்துவந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல முயற்சி அங்கே நடக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி.யும் சேர்ந்து 2016 முதல் கியர் என்ற பெயரில் தையல்காரப் பெண்களைத் தேர்ந்தெடுத்து லைன் சூப்பர்வைசராகப் பயிற்றுவிக்கிறார்கள். அப்படி உயர்ந்த பெண்கள் நடத்திய லைன்களில் உற்பத்தித் திறனும் கூடியிருக்கிறது. எந்தத் தையலில் எங்கே கை தடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், சத்தம் போட்டு வேலை வாங்க வேண்டியதில்லை.

நடு மட்டத்தில் இலங்கைதான் முதலிடம். மொறட்டுவை பல்கலைக்கழகத்தில் ஆடைப் பொறியியல் பட்டம், பெரிய நிறுவனங்களுக்குள்ளேயே பயிற்சி, ஆங்கிலம், டிசைன். அதனால்தான் சாதாரண டி-சர்ட்டை விட்டுவிட்டு உள்ளாடை, விளையாட்டு உடை என்று விலை உயர்ந்த பக்கம் அவர்களால் போக முடிந்தது. ஆனால் மெஷினில் உட்கார அங்கேயும் ஆள் தட்டுப்பாடு. கட்டுநாயக்கவில் வேலை செய்த பெண்களை ‘ஜுகி பெண்கள்’ என்று மெஷின் பெயரை வைத்து இளக்காரமாகப் பேசிய சமூகம், இன்று ஏன் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்கிறது. மலையகத்துத் தமிழ்ப் பெண்கள் பலர் தோட்ட வேலையை விட்டு இந்த ஆலைகளுக்கு வந்தவர்கள், அவர்களுக்கும் அதே பேச்சுதான் கிடைத்தது.

குழந்தைக் காப்பகம் ஒரு சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் ஆள் நிற்பதில் அதற்குப் பெரிய பங்கு. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது, வங்கதேசச் சட்டம் நாற்பது பேர் என்கிறது. டாக்காவின் பெரிய ஆலை அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். திருப்பூரின் பவர் டேபிளில் பத்துப் பெண்கள்தான், சட்டம் அங்கே எட்டாது. கல்யாணமாகிக் குழந்தை பிறந்ததும், பத்து வருஷம் பழகிய ஒரு டெய்லரம்மா வீட்டிலேயே நின்றுவிடுகிறார். அவர் இடத்துக்கு ஒடிசாவிலிருந்து ஆள் கூட்டிவர ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கிறோம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

அளவும் விலையும்தான் முக்கியம் என்கிற பையருக்கு டாக்கா. நுட்பமான துணி, புது வடிவமைப்பு என்றால் இலங்கை. சிறிய ஆர்டர், பருத்தி, அவசரம், கலர் கலராக என்றால் திருப்பூர். இது இன்றைய நிலை. இன்னும் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், டாக்கா மாதிரி ஆகப் பார்க்கிற திருப்பூர் தோற்றுவிடும் என்றே நினைக்கிறேன். பத்தாயிரம் பேர் ஆலையைக் கட்ட இங்கே ஆளும் கிடையாது, அந்தக் கூலிக்கு யாரும் வரமாட்டார்கள், வரவும் வேண்டாம். ஒன்றரை ஷிப்டை இன்னும் நீட்டுவதும் வழியில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய தமிழக அரசு, எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது.

திருப்பூர் இலங்கையிடமிருந்து எடுக்க வேண்டியது கிராமத்துக்குப் போகும் ஆலை. கம்பெனி வேனை விடியற்காலையில் தாராபுரம் பக்கமெல்லாம் அனுப்பி ஆள் ஏற்றுவதற்குப் பதில் அங்கேயே முப்பது மெஷின் போடலாம், கட்டிங்கை மட்டும் ஊரில் வைத்துக்கொள்ளலாம். டாக்காவிடமிருந்து எடுக்க வேண்டியது தையல்காரப் பெண்ணை சூப்பர்வைசராக்கும் பயிற்சி, அதை இந்தியிலும் ஒடியாவிலும் நடத்த வேண்டும். பின்னலாடைத் தொழில் கற்றுத்தர 1997ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி திருப்பூரிலேயே இருக்கிறது, மாலை நேர வகுப்புக்கு இடம் தேடி அலைய வேண்டாம். ஒரு தெருவில் உள்ள பத்துப் பவர் டேபிள்கள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தலாம், ஏற்றுமதியாளர் அதன் செலவைத் தன் பீஸ் ரேட்டில் சேர்த்துக் கொடுக்கலாம். எட்டு வருஷம் ஓட்டிய அந்த பீகார் பையனுக்குப் பத்து மெஷின் வாங்க யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அவன் அடுத்த தீபாவளிக்குத் தன் ஊரிலிருந்து இருபது பேரைத் தானே கூட்டிக்கொண்டு வருவான்.