பழைய ராலேவைப் பெயின்ட்டுக்குக் கொடுத்து ₹26,500 போச்சு: பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் 'சரி, போகட்டும் விடு' என்று எனக்கே தோன்றிவிடும். நேற்று மாலைதான் சைக்கிளை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். போனது ₹26,500. அதில் ஒரு ரூபாய்க்குக்கூட ரசீது கிடையாது.

கடையின் பேரை எழுதப்போவதில்லை. சென்னையில், பழைய சைக்கிள், பழைய ஸ்கூட்டர், புல்லட் எல்லாவற்றையும் 'புதுசு மாதிரி' ஆக்கித் தருவதாக இணையத்தில் படம் போட்டே ஆள் பிடிக்கிற வகைக் கடை. செங்கல் சுவர், மஞ்சள் விளக்கு, முன்னால் பளபளவென்று ஒரு வண்டி. உங்கள் போனுக்கும் அந்த மாதிரிப் படங்கள் வந்திருக்கும்.

சைக்கிள் எங்கள் சின்னத் தாத்தாவுடையது. இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கூடவே கொண்டுவந்த ராலே லென்டன். நாட்டிங்ஹாமில் செய்தது. பந்தய வீரர் ரெக் ஹாரிஸ் ராலே ஓட்டி உலக சாம்பியன் ஆகிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கொஞ்சம் வேகமாக ஓட்ட ஆசைப்படும் ஆட்களுக்காக அந்தக் கம்பெனி போட்ட வண்டி. ரெனால்ட்ஸ் 531 என்ற எடை குறைந்த எஃகுக் குழாய், வளைந்த ஹேண்டில்பார், பின் சக்கரத்தின் நடுக் குடத்துக்குள்ளேயே கியர் அடங்கிய ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ மூன்று கியர் ஹப். அந்த ஹப்பின் அருமை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1936-இல் வந்த வடிவமைப்பு. இரண்டாவது கியர் நேர் ஓட்டம், முதல் கியரில் வேகம் கால் பங்கு குறையும், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். எண்ணெய் மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் நம் ஆயுளுக்கும் ஓடும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயேதான் பிரித்தேன். கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் காட்டர் பின்னுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கிராங்குக்குக் கீழே இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து ஒரே அடியில் இறக்கினேன். பெடல் அச்சு சுழலும் பி.பி.யில் (பாட்டம் பிராக்கெட்) வலது பக்கக் கப்புக்கு மரை எதிர்த்திசை என்பது தெரியாமல் நிறையப் பேர் அதை உடைப்பார்கள். அது முழுசாக வந்தது. பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் அங்குல பால்ரஸ், புதுசு வாங்கி வைத்தாயிற்று. வீட்டில் முடியாதது மூன்றே மூன்று: பெயின்ட், குரோமியம், துருப்பிடித்த போக்ஸ் கம்பிகளை மாற்றிச் சக்கரம் கட்டுவது. அதற்குத்தான் அந்தக் கடை.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களையும் அப்படித்தான் பிடிப்பார்கள். கடைக்காரர் பின் சக்கரத்தைக் கையில் வாங்கினார். ஹப்பின் மேல் அப்பியிருந்த கறுப்பு மசகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். போன் டார்ச்சை அடித்துச் சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். "பாருங்க சார். ஏ.டபிள்யூ, 56, பக்கத்துல 11. நவம்பர் 56-ல செஞ்ச ஹப்பு." சரிதான். ஸ்டர்மி ஆர்ச்சர்க்காரர்கள் ஹப்பிலேயே வருடத்தையும் மாதத்தையும் பொறித்துவிடுவார்கள். அது தெரிந்த ஒரு ஆளை நான் நேரில் பார்த்ததே அப்போதுதான். அத்தோடு விட்டாரா? பி.பி. கப் மாட்டும் ஃபிரேம் குழாயான ஷெல்லுக்குள் விரலை விட்டுத் தடவி, "ராலேக்கு அங்குலத்துக்கு 26 மரை சார், மத்ததுக்கெல்லாம் 24. தெரியாதவன் மரை வெட்டுற டேப் போட்டான்னா ஃபிரேமே போச்சு. நாங்க மரையைத் தொடவே மாட்டோம்" என்றார். இதற்கு மேல் என்ன வேண்டும்? ₹10,000 முன்பணத்தை அங்கேயே நின்று போனில் அனுப்பினேன். கடைப் பேருக்கு அல்ல, அவருடைய சொந்த எண்ணுக்கு.

பேசியது இதுதான். பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பவுடர் கோட்டிங் கிடையாது, எனாமல் பெயின்ட். கோடு கையால் போடுவது. முன்னால் இருக்கும் பித்தளைப் பட்டையை, அந்தக் கொக்குத் தலை முத்திரையை, கழற்றாமல் மறைத்துவிட்டு அடிப்பது. ஸ்டெம், கிராங்க், ஹேண்டில்பாருக்குக் குரோமியம். சக்கரங்களில் பழைய ரிம், பழைய ஹப், கம்பி மட்டும் புதுசு.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கதை. மழை சார், பெயின்ட் காயவில்லை. கோடு போடுகிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறான். முலாம் பட்டறையில் கரண்ட் இல்லை. நடுவில் 'குரோமியம் சாமான் விலை ஏறிடுச்சு' என்று ₹8,000. வேலை முடிந்தது என்று ராத்திரி நேரத்தில், தூரத்திலிருந்து எடுத்த ஒரு படம், கூடவே மீதி ₹8,500 அனுப்பினால்தான் வண்டியை வெளியே விடுவோம் என்று ஒரு குரல் செய்தி. ஆக ₹26,500. பணம் போய்ச் சேர்ந்த நிமிடமே 'ஓகே சார்' வரும். வண்டி எப்போது என்று கேட்டால் நீல டிக் மட்டும் வரும்.

நேற்று எடுத்து வந்ததை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் பெயின்ட். அது பவுடர் கோட்டிங். குழாய்களை இணைக்கும் லக் ஓரங்களில் அந்தக் காலத்துப் பட்டறைக்காரன் அரம் போட்டு இழைத்த கூர்மையெல்லாம் மழுங்கி, வண்டியைப் பாகில் முக்கி எடுத்த மாதிரி இருக்கிறது. கொக்கு முத்திரையைக் காணோம். ரிவெட்டை டிரில் போட்டு எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். 531 என்று போட்ட ஸ்டிக்கரில் ரெனால்ட்ஸ் பேரில் ஒரு எழுத்தையே விட்டுவிட்டார்கள். ஸ்டெம்மை நகத்தால் சுரண்டினேன். குரோமியம் உரியவில்லை, ஏனென்றால் அது குரோமியமே இல்லை. வெள்ளிப் பெயின்ட். ஸ்பிரே டப்பாவில் வருமே, அது.

சரி, பெயின்ட்டை உரித்து மறுபடி அடிக்கலாம். சக்கரத்துக்கு என்ன செய்வது? பிரேக்கை மாட்டிப் பார்த்தால் கட்டை ரிம்மில் படாமல் டயரில் போய் உரசுகிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். லென்டனுக்கு வருவது 26-க்கு 1¼ அங்குல ரிம். டயர் உட்காரும் இடத்தில் விட்டம் 597 மி.மீ. இவர்கள் மாட்டியிருப்பது நம் ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும் 26-க்கு 1⅜, அது 590. ஏழு மி.மீ. வித்தியாசம். அதாவது பிரேக் கட்டைக்கு மூன்றரை மி.மீ. எட்டவில்லை. முன்னால் 32 கம்பி, பின்னால் 40 கம்பி என்ற பழைய இங்கிலீஷ் கணக்குதான் நம் ஊர் சைக்கிள்களுக்கும் என்பதால் ரிம்மை மாற்றிக் கட்டுவது சுலபம். எண்ணிப் பார்க்கிறவனும் ஏமாறுவான்.

அப்புறம் ஹப். துணியால் துடைத்து, டார்ச் அடித்து, அவர் காட்டிக்கொடுத்த மாதிரியே சுற்றிப் பார்த்தேன். ஏ.டபிள்யூ இருக்கிறது. பக்கத்தில் 79. பழையதில் எண்ணெய் விடுகிற துளைக்கு உலோக மூடி. இதில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. என் தாத்தாவின் ஹப் எங்கே?

இன்னும் இருக்கிறது. பி.பி. கப் ஏறவில்லை. இரண்டு சுற்று போனதும் இறுகிவிடுகிறது. எங்கள் தெருமுனையில் பல வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போனேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு உள்ளே ஒரு பார்வை பார்த்தவர், "மரையைத் தின்னுட்டான் தம்பி. சாதா டேப்பை விட்டு இழுத்திருக்கான், பாரு, மேலயே புதுசா இன்னொரு மரை ஓடுது" என்றார். பவுடர் அடைத்துக்கொண்டதைச் சுத்தம் செய்ய 24 மரை டேப்பை ஓட்டியிருக்கிறார்கள். 26 என்று எனக்குப் பாடம் எடுத்த அதே கடையில்! தெரியாமல் செய்தால் ஒரு மாதிரி. தெரிந்துகொண்டே அடுத்தவன் சொத்துதானே என்று செய்வதற்கு என்ன பேர்?

உடனே போன் செய்தேன். முதல் பதில்: "நீங்க கொடுத்ததே அந்த ஹப்புதான் சார்." படம் இருக்கிறது என்றதும், "பழைய ஹப்பு உள்ள பல்லு போயிருந்துச்சு, உங்க நல்லதுக்குத்தான் மாத்தினோம்." சரி, பழையதைக் கொடுங்கள் என்றேன். "அது ஸ்கிராப்புல போயிடுச்சு சார்." பல் போன ஹப்பில்தான் நான் பிரிக்கும் முன் மூன்று கியரும் போட்டு ஓட்டிப் பார்த்தேனா? மரையைப் பற்றிக் கேட்டதற்கு, "பவுடர் கோட்டிங் வெளியில கொடுத்தது, அவங்ககிட்ட கேளுங்க." யார் அவர்கள்? பதில் இல்லை. கடைசியில், "பழைய இரும்புக்கு இவ்வளவு பேசுறீங்களே சார்" என்று ஒரு வார்த்தை. அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அவர்களுடைய பக்கத்தில் கேள்வி கேட்டுப் போட்ட பின்னூட்டம் சில நிமிடங்களில் காணாமல் போனது. நேற்று இரவு அங்கே புதுப் படம் ஒன்று ஏறியிருக்கிறது: அதே மஞ்சள் விளக்கு, யாருடையதோ ஒரு பழைய ஹம்பர் சைக்கிள். அந்த ஹம்பர்க்காரர் இதைப் படித்தால் இன்றே போய் ஹப்பைப் பாருங்கள்.

₹26,500-க்கு எனக்குக் கிடைத்தது பாகில் முக்கிய ஃபிரேம், சேராத சக்கரம், வெள்ளிப் பெயின்ட். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே மனு போடலாம். ரசீது இல்லாததால் போனில் பணம் அனுப்பிய பதிவுகள், குரல் செய்திகள், பிரிக்கும்போது எடுத்த படங்கள், இவைதான் கையில் இருக்கின்றன.

எப்படிக் கடையைத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போதைக்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

ஹப்பைக் கடையில் விடாதீர்கள். சக்கரம் கட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து கட்டி வாங்குங்கள், தெருமுனைக் கடையே போதும். ஃபிரேமைக் கொடுக்கும் முன் பி.பி. கப் இரண்டையும் மாட்டியே கொடுங்கள், மரைக்குள் பவுடரும் போகாது, டேப்பும் போகாது. ஃபிரேம் எண், ஹப் எண், ரிம் அளவு எல்லாவற்றையும் அவர்கள் கண் முன்னால் படம் எடுங்கள். கடைப் பேரில் ரசீது தராதவருக்குக் காசு அனுப்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நேரில் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஒரு உதவி. மரை இல்லாமலே உள்ளிருந்து இறுகிப் பிடிக்கும் பி.பி. ஒன்று வருகிறது என்று தெரியும். ஆனால் அது சதுர அச்சு; போட்டால் பழைய காட்டர் பின் கிராங்கை ஒதுக்கி வைக்க வேண்டும். கிராங்கை மாற்றாமல் ராலே ஷெல்லைக் காப்பாற்றிய யாராவது இருந்தால், அல்லது ஷெல்லுக்குள் பித்தளை நிரப்பி மறுபடி 26 மரை வெட்டித் தரக்கூடிய லேத் பட்டறை சென்னையிலோ கோவையிலோ தெரிந்தால் சொல்லுங்கள். 597 ரிம் ஜோடி வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், பழசானாலும் பரவாயில்லை. நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.