ஃபியோர்டைக் கடக்க: சுரங்கமா, மிதவைப் பாலமா?

ஃபியோர்டு என்றால் மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் ஆழமான, குறுகிய கடல்நீர்ப் பகுதி. அதைக் கடக்க நார்வேயின் ஈ39 கடற்கரைச் சாலையில் படகுக்குக் காத்திருந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

ஆழம்:
சுரங்கம் கடலடிப் பாறைக்கும் கீழே இறங்கியாக வேண்டும். அங்கே கட்டப்பட்டுவரும் ரோக்ஃபாஸ்ட் சுரங்கம் சுமார் 27 கி.மீ. நீளம், 392 மீட்டர் ஆழம். சோக்னே ஃபியோர்டோ 1,300 மீட்டர் ஆழம். சரிவைத் தாங்கும் வண்டி வேண்டுமே!
மிதவைப் பாலத்துக்கு ஆழம் பொருட்டில்லை. பெர்கன் அருகே 1994இல் திறந்த நூர்ஹோர்ட்லாந்து பாலம், பக்கவாட்டு நங்கூரமே இல்லாமல், தன் வளைவின் பலத்தில் 10 கான்கிரீட் மிதவைகள்மேல் நிற்கிறது.

புயல்:
சுரங்கத்தைத் தொடாது. பாலத்தை அலைக்கழிக்கும்.

பராமரிப்பு:
சுரங்கத்தில் ஓயாத நீரிறைப்பு, காற்றோட்டம். பாலத்தில் உப்பரிப்பு.

திறந்த கடலை ஒட்டிய, ஆழம் குறைந்த இடத்துக்குச் சுரங்கம். உள்ளடங்கிய ஆழமான ஃபியோர்டுக்கு மிதவைப் பாலம்.