விளையாட்டில் கீ மாற்றித் தருகிறேன் என்று வந்தவர் என் கணக்கையே காலி செய்த கதை

ஆன்லைன் விளையாட்டில் நடப்பதற்கும் திரும்புவதற்கும் வசதியாக விசைப்பலகைக் கீ அமைத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போன மாதம் எனக்கு 210 சிங்கப்பூர் வெள்ளி போனது. அதோடு 6 ஆண்டாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த விளையாட்டுத் தங்கமும் ஒரே இரவில் துடைத்தெடுத்த மாதிரி போனது. காசு கூடப் பரவாயில்லை. என் கை வலிக்கிறது என்று சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டேன். அந்த வலியை இன்னும் கூட்டிவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருக்கிறேன். என் தம்பி திருச்சியில். இருவரும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாடுகிறோம். 2004இல் வந்த விளையாட்டு, எங்களுக்கு அதுதான் வசதி. இங்கே இரவு 10 மணி என்றால் அங்கே ஏழரை. அவன் வேலை முடிந்து வந்திருப்பான், நான் பாத்திரம் கழுவி முடித்திருப்பேன். ஹெட்செட் மாட்டினால் பாதி நேரம் விளையாட்டு, பாதி நேரம் வீட்டுப் பேச்சு. அம்மா தவறிய பிறகு நாங்கள் ஒழுங்காகப் பேசிக்கொள்ளும் இடம் அதுதான். அவன் முன்னால் நின்று அடி வாங்குவான், நான் பின்னால் நின்று அவனுக்கு உயிர் ஏற்றுவேன்.

நான் பல ஆண்டாக ஓடியதெல்லாம் மவுஸால்தான். இடது பட்டனையும் வலது பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் திரையில் என் கதாபாத்திரம் முன்னால் ஓடும். பழகிவிட்டது. அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணக்கு, இரவில் இரண்டு மணி நேரம் இந்தப் பிடி. வலது கட்டைவிரல் அடியில் சுண்டி இழுக்க ஆரம்பித்தது. பாலிகிளினிக்கில் டாக்டர் கட்டைவிரலை உள்ளே மடக்கி முட்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். உயிர் போனது. டி குவெர்வெய்ன் என்றார். கட்டைவிரலை அசைக்கும் தசைநாரின் உறை வீங்கியிருக்கிறது, அந்த விரலுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொல்லி ஒரு பட்டையும் மாட்டிவிட்டார்.

விளையாட்டை விட எனக்கு மனமில்லை. ஓடுவதையெல்லாம் இடது கைக்கு மாற்றினால் போதும் என்று தோன்றியது. எப்படி என்றுதான் தெரியவில்லை. தம்பியைக் கேட்டிருக்கலாம். கை வலி என்றால் பயந்துவிடுவான் என்று அவனிடம் சொல்லவே இல்லை.

பொருள் வாங்கி விற்கும் ஒரு செயலியில் தேடினேன். வீட்டுக்கே வந்து கீ அமைத்துத் தருவதாக ஒரு விளம்பரம் இருந்தது. மெசேஜ் போட்டதும் என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். "அக்கா, கவலையே படாதீங்க, நான் செட் பண்ணிக் கொடுத்துட்டா கையை அசைக்கவே வேணாம்" என்றார். நம்ம பையன், அக்கா என்று கூப்பிடுகிறான், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். அமைத்துத் தர 70 வெள்ளி, அதற்கென்று ஒரு புது மவுஸ் 140 வெள்ளி. வந்த அன்றே, கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை வந்தார். கையில் மாட்டியிருந்த பட்டையைக் காட்டி, இந்த விரல்தான் வலிக்கிறது என்று தொட்டே காட்டினேன். தலையாட்டினார். அவர் பையிலிருந்து எடுத்த மவுஸில் பக்கவாட்டில் 12 பட்டன். தொலைபேசி எண்பலகை மாதிரி நாலு வரிசை. முன்னால் போக 5, பின்னால் வர 2, இடம் 1, வலம் 3 என்று மாற்றி வைத்தார். அந்த 12 பட்டனும் எந்த விரலுக்கு எட்டும் தெரியுமா? கட்டைவிரலுக்கு மட்டும்தான். வேறு எந்த விரலும் அங்கே போகாது. எந்த விரலுக்கு ஓய்வு என்று டாக்டர் சொன்னாரோ, அந்த விரலின் தலையிலேயே முழு வேலையும் வந்து விழுந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. மும்முரமாக ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தார், தெரிந்தவர் செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு இரவு வலி முழங்கைவரை ஏறிவிட்டது.

மறுநாள் மவுஸை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். 7 என்ற எண் பாதி அழிந்திருந்தது. இடது பட்டனில் விரல் படும் இடம் தேய்ந்து பளபளத்தது. பக்கவாட்டுப் பட்டன்களின் இடுக்கில் யாரோ தின்ற பிஸ்கட் தூள். இதற்குத்தான் புதுசு என்று 140 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

கை வலிக்கிறது என்று மெசேஜ் போட்டேன். "இன்னும் டியூன் பண்ணலக்கா, தூரத்துல இருந்தே பண்ணித் தரேன்" என்றார். ஒரு செயலியை இறக்கச் சொன்னார். அவருடைய இடத்திலிருந்தே என் கணினியை இயக்குவதற்கு. சரி என்று இறக்கினேன். திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம், "கீ செட்டிங் எல்லாம் சர்வர்லதான் சேவ் ஆகும், பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகணும், போன்ல ஒரு அப்ரூவ் வரும், அதை அழுத்துங்கக்கா" என்றார். அழுத்தினேன்.

இதில் பாதி உண்மை இருந்ததால்தான் நான் விழுந்தேன். அந்த விளையாட்டில் நீங்கள் மாற்றும் கீ அமைப்பு உங்கள் கணக்கோடு சர்வரில் சேமிக்கப்படுவது உண்மைதான். வேறு கணினியில் நுழைந்தாலும் அதே அமைப்பு வரும். ஆனால் அது தானாக நடப்பது. நீங்கள் விளையாடிவிட்டு வெளியே வந்தால் போதும். அதற்காக இன்னொருவர் உங்கள் கடவுச்சொல்லைப் பார்க்க வேண்டியதே இல்லை, கைப்பேசியில் வரும் உறுதிப்படுத்தலை அவருக்காக அழுத்த வேண்டியதும் இல்லை. இந்த ஒன்றை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால், நான் இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிட்டது.

செவ்வாய் காலை எம்ஆர்டி ரயிலில் போகும்போது மின்னஞ்சல் பார்த்தேன். என் கணக்கில் புதிய இடத்திலிருந்து நுழைவு என்று வந்திருந்தது. வீட்டுக்கு வந்து விளையாட்டைத் திறந்தால் என் கதாபாத்திரத்தின் பை காலி. தங்கம் இல்லை. விளையாட்டுக்குள் இருக்கும் வங்கியில் வைத்திருந்த பொருள்களில் விற்கக்கூடியதெல்லாம் இல்லை. தம்பியை அழைத்தேன். கொஞ்ச நேரம் அவன் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "தங்கத்தை விடுக்கா, கை எப்படி இருக்கு?" என்றான். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

அவன் சொன்னபடி, முதலில் அந்தக் கணினியைத் தொடாமல் என் கைப்பேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றினேன். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் மாற்றினேன். அவர் உள்ளே வந்த கணினியிலேயே உட்கார்ந்து புதுக் கடவுச்சொல் தட்டினால், அதுவும் அவர் கைக்குப் போகலாம். என் பணம் இருக்கும் நிஜ வங்கிக்கும் தகவல் சொன்னேன். அதன் பிறகு விண்டோஸை முழுக்கத் துடைத்து மறுபடி போட்டோம். துடைப்பதற்கு முன் தம்பி தேடியதில், அவர் வைத்துவிட்டுப் போன இன்னொரு நிரலும் கிடைத்தது. ஒரு கீயை அழுத்தினால் அது நாலைந்து கீயைத் தானே மாறி மாறி அழுத்தும். ஓடும், குதிக்கும், விலகும். விளையாட்டை இப்படித் தானியங்கியாக ஓட விடுவது விதிப்படி தடை, கணக்கையே முடக்குவார்கள். பல கணக்குகளுக்கு ஒரே அழுத்தலை அனுப்பும் மென்பொருளைக் கூட 2020 நவம்பரில் தடை செய்துவிட்டார்கள். எனக்கு அது தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஆனாலும் முடங்கியிருந்தால் முடங்கியிருப்பது என் கணக்குதான். விளையாட்டு நிறுவனத்துக்கு எழுதி, கணக்கு என்னுடையது என்று காட்டி, போனதில் பெரும்பகுதி திரும்பி வர 9 நாள் ஆனது.

இனி, 70 வெள்ளி வாங்கிக்கொண்டு அவர் செய்யாததைச் சொல்கிறேன். தம்பி போனிலேயே சொல்லச் சொல்ல நானே செய்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

எஸ்கேப் கீயை அழுத்தினால் பட்டியல் வரும். அதில் ஆப்ஷன்ஸ், அதற்குள் கீபைண்டிங்ஸ், அதற்குள் நடமாட்டத்துக்கான பகுதி. ஒவ்வொரு செயலுக்கும் எதிரே இரண்டு கட்டம் இருக்கும், ஒரே செயலுக்கு இரண்டு கீ வைத்துக்கொள்ளலாம். கட்டத்தைச் சொடுக்கி, வேண்டிய கீயை அழுத்தினால் முடிந்தது. ஏற்கெனவே வேறு வேலைக்கு இருந்த கீ என்றால், அந்த வேலைக்கு இப்போது கீ இல்லை என்று விளையாட்டே சொல்லும். குழப்பிவிட்டால் பழையபடி ஆக்கவும் அங்கேயே பட்டன் இருக்கிறது. அதனால் பயப்பட ஒன்றுமே இல்லை.

விளையாட்டை முதலில் நிறுவும்போது 'ஏ', 'டி' இரண்டும் கதாபாத்திரத்தை நின்ற இடத்தில் இடம் வலமாகத் திருப்பும். 'கியூ', 'இ' இரண்டும் முகம் திரும்பாமல் பக்கவாட்டில் நகர்த்தும். சண்டையில் அதிகம் வேண்டியது பக்கவாட்டு நகர்வுதான். தரையில் தீ வட்டம் வந்தால் எதிரியைப் பார்த்தபடியே விலக வேண்டும். அதனால் இரண்டையும் இடம் மாற்றினோம். இப்போது 'ஏ', 'டி' பக்கவாட்டுக்கு, 'கியூ', 'இ' திரும்புவதற்கு. விரல் இயல்பாக உட்காரும் இடத்திலேயே அவசர வேலை வந்துவிட்டது.

தானாக ஓடிக்கொண்டே இருப்பதற்கு நம்லாக் கீ என்று வைத்திருக்கிறார்கள். விசைப்பலகையின் வலது கோடியில் இருக்கிறது, அதைத் தொட வலது கை மவுஸை விட்டு எழ வேண்டும். அதை எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் அலைக்குறிக் கீக்கு மாற்றினோம். எனக்குப் பெரிய நிம்மதி கொடுத்தது இதுதான். நீண்ட பயணத்தில் அதை ஒருமுறை தட்டிவிட்டு, 'கியூ', 'இ' இரண்டால் திரும்பிக்கொண்டே போகலாம். வலது கை மடியில் கிடக்கும். முன்பு அந்தப் பத்து நிமிடமும் இரண்டு பட்டனையும் நெரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

'எஸ்' கீயைத் தம்பி எடுத்துவிடச் சொன்னான். பின்னால் நடக்கும்போது வேகம் வினாடிக்கு 4.5 கஜம்தான், முன்னால் ஓடினால் 7 கஜம். ஆபத்து வந்தால் பின்னாலேயே நகரும் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும் என்பது அவன் கட்சி. நான் இன்னும் எடுக்கவில்லை. பழகிய விரல் கேட்க மாட்டேன் என்கிறது. கீயால் திரும்புவது மெதுவானது என்பதால், சண்டையில் சட்டென்று திரும்ப மட்டும் மவுஸின் வலது பட்டனைக் கொஞ்ச நேரம் பிடிக்கிறேன். அதற்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும், கட்டைவிரல் சும்மா இருக்கிறது. உங்களுக்கு வலிப்பது இடது கை என்றால் இதெல்லாம் தலைகீழாக வரும். எந்த விரலுக்கு நோவு என்று பார்த்து, அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பணத்தைத் திரும்பப் பெறும் வழியையும் பார்த்தேன். மோசடியா என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்ட் மோசடி உதவி எண்ணுக்கு அழைக்கலாம். நான் அழைத்துக் கேட்டுவிட்டு, சிங்பாஸ் என்ற அரசாங்க இணைய அடையாளம் வழியாக நுழைந்து இணையத்திலேயே போலிஸ் புகார் கொடுத்தேன். பேசிய மெசேஜ், பேநவ் அனுப்பிய பக்கம், மவுஸின் படம் எல்லாம் வைத்திருக்கிறேன். விளையாட்டுத் தங்கம்தானே என்று புகார் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அனுமதி இல்லாமல் இன்னொருவர் கணக்கில் நுழைவது இங்கே குற்றம், முதல்முறை என்றாலும் 5,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். மவுஸுக்கும் வேலைக்கும் கொடுத்த காசுக்குச் சிறு கோரல்கள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை கேட்கலாம், 2 ஆண்டுக்குள் போக வேண்டும், என் மாதிரிச் சின்னத் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் எதிராளி யார், எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். என்னிடம் இருப்பது பேநவ்வில் தெரிந்த ஒரு செல்லப் பெயரும் அணைந்து போன ஒரு எண்ணும் மட்டும். வீட்டுக்குள் விட்ட அன்று முழுப்பெயர் கேட்கவில்லை, ரசீது கேட்கவில்லை. அக்கா என்று கூப்பிட்டவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

இப்போது அந்த விளம்பரம் இல்லை. வேறு பெயரில் வரும் என்று நினைக்கிறேன். பக்கவாட்டில் 12 பட்டன், 7 பாதி அழிந்த மவுஸ் என்னிடம்தான் இருக்கிறது, அதனால் அடுத்தவருக்கு வேறொன்றைக் கொண்டுவருவார். தமிழில் இனிக்கப் பேசி, கை வலியைப் பற்றி முதலில் விசாரித்து, பிறகு டியூனிங் என்று ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கை நோவோடு விளையாடிக்கொண்டிருப்பவர்கள் உட்லண்ட்ஸ் பக்கம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். எங்கள் புளோக்கின் கீழே காப்பிக் கடை இருக்கிறது. ஞாயிறு காலையில் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன், நீங்களே மாற்றலாம். கடவுச்சொல் தட்டும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.